ஐந்தரை சென்டிமீட்டர் சரிவு

ஸ்டுட்கார்ட், 3 மார்ச் 1999

வின்கோவுக்கு,

கிறிஸ்துமஸ் அன்று பேச்சு நடுவில் போனைப் பட்டென்று வைத்தவன் நீ. ஆகவே நானாகப் போன் செய்யப்போவதில்லை. தபால்காரரோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. மாடித் தரை என்ன ஆயிற்று?

மகன்களுக்குத் தலைக்கு ஒரு தளம், மகளுக்கு வாசல்வரை வழியனுப்பு. நம் பக்கத்து வழக்கம் அதுதான். அதற்கு நான் அழ வேண்டியதை எல்லாம் அழுது முடித்துவிட்டேன். ஆனால் தம்பி மாத்தே ஆஸ்திரேலியாவிலேயே வீடு வாங்கிவிட்டான். இனி வரமாட்டேன், மாடி டோன்கா அக்காவுக்கே இருக்கட்டும் என்று உனக்கும் எனக்கும் அவன் எழுதி ஒரு வருடம் ஓடிவிட்டது. நீயும் சரி என்றாய். நான் கல்லைத் தேர்ந்தெடுத்தேன். பிராச் தீவிலிருந்து வந்த வெள்ளைக் கல், அக்டோபரிலிருந்து உன் முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓட வேண்டும் என்று சொன்னேன். அதற்கு நீ தலையாட்டியதைப் போனிலேயே கேட்டேன்.

முப்பத்தோரு வருடமாக ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரச் சிமெண்டின் மேல் நிற்கிறேன். முழங்காலுக்குக் கீழே எனக்கு வருடம் முழுக்க ஜனவரிதான். சாவதற்கு முன்னால் வெறுங்காலோடு சூடான தரையில் நடந்து காபி போட வேண்டும். பேராசை என்றால் அப்படியே வைத்துக்கொள்.

செப்டம்பர் முப்பதாம் தேதி வேலையும் முடிகிறது, இந்த வீட்டுச் சாவியையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏழு மாதம் இருக்கிறது. ஒரு தரைக்கு ஏழு மாதம் போதாது என்று மட்டும் எழுதிவிடாதே.

டோன்கா


இமோட்ஸ்கி, 15 மார்ச்

அக்கா,

உன் கடிதத்தை நெவென்காவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே எழுந்து கோழிக்குத் தீனி போடப் போய்விட்டாள். என் மனைவிக்கு இருக்கும் புத்தி எனக்கு இல்லை, நான் கடைசிவரை படித்தேன்.

தரை விஷயம் சொல்கிறேன், பொறுமையாகக் கேள். கல் பதிக்கிற ஷிமேயைக் கூட்டி வந்தேன். இந்த வட்டாரத்தில் அவரைவிட நல்ல கை கிடையாது, அவரைவிட மெதுவான கையும் கிடையாது. மாடிக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்துப் படித்தலைப்பில் வைத்தார். அது தானாக உருண்டது. அறையைக் குறுக்கே கடந்து, கிழக்குச் சன்னலடியில் போய்ச் சுவரில் முட்டி நின்றது. ஷிமே நடந்து போய் அதை எடுத்து, உரித்து, தின்று முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"வின்கோ, இது தரை இல்லப்பா, மலைச்சரிவு. இங்க ஆடு மேய்க்கலாம். கல் பதிக்க முடியாது."

ரசமட்டம் வைத்து அளந்தோம். ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் ஐந்தரை சென்டிமீட்டர்.

ஏன் என்று உனக்கே தெரியும். எழுபத்திரண்டாம் வருடம் இந்தத் தளம் போட்ட அன்று ஊரே வந்திருந்தது. நாற்பது ஆம்பளைகள், கம்பியில் நான்கு ஆட்டுக்குட்டிகள், குடம் குடமாக ஒயின். கூலி கேட்டால் அவமானம், குடிக்காவிட்டால் அதைவிட அவமானம். மட்டம் பார்க்கும் பொறுப்பு இலியா சித்தப்பாவுக்கு. காலை ஒன்பது மணிக்கு அவர் கையில் ரசமட்டம் இருந்தது. மதியம் மூன்று மணிக்கு ரசமட்டத்தின் கையில் அவர் இருந்தார். குமிழி நடுவில் நிற்கிறதா என்று கேட்டதற்கு "ரெண்டு குமிழியும் நடுவுலதான் நிக்குது" என்றாராம்.

அவருக்கு விடாமல் ஊற்றிக் கொடுத்தது யார்? விடுமுறையில் வந்திருந்த ஜெர்மனிக்கார அக்கா.

இப்போது இது ஏன் முக்கியம் என்றால், குழாயின் மேல் சிமெண்டுப் பூச்சு எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மூன்று விரல், மறுபக்கம் ஆறு விரல் என்று போட்டால் ஒரு பக்கம் முன்னால் காயும், மறுபக்கம் பின்னால் காயும். ஒரு பக்கம் கால் சுடும், மறுபக்கம் உன் ஜனவரி. நடுவில் கல் விரியும். ஆகவே முதலில் பள்ளத்தை நிரப்பி மட்டம் கட்ட வேண்டும். அதன் மேல் தெர்மோகோல், அதன் மேல் குழாய், அதன் மேல் பூச்சு, அதன் மேல்தான் உன் கல்.

தளத்தைக் கூட்டிப் பெருக்கியபோது படித்தலைப்பில் அந்தக் கைத்தடங்கள் கிடைத்தன. ஈரக் கான்கிரீட்டில் அப்பா பதிக்க வைத்தாரே, என் கையும் மாத்தே கையும். அப்படியே இருக்கின்றன. மட்டம் கட்டும்போது அவை அடியில் போய்விடும். சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன்.

வின்கோ


ஸ்டுட்கார்ட், 28 மார்ச்

வின்கோ,

தலைக்கு மேலே இருக்கும் தளம் கோணல் என்று கண்டுபிடிக்க உனக்கு இருபத்தேழு வருடமும் ஒரு ஆரஞ்சும் தேவைப்பட்டிருக்கின்றன. வாழ்த்துகள்.

ஒயினை நான்தான் ஊற்றினேன். ஊற்றச் சொன்னது யார்? "டோன்கா, சித்தப்பா கிளாஸ் காலியா இருக்கு பாரு, கண்ணு எங்க இருக்கு உனக்கு?" இது அப்பா. அன்று நான் உட்காரவே இல்லை. அந்தத் தளத்துச் சிமெண்டில் பாதி என் சலவைக்கூடச் சம்பளத்தில் வந்தது. அதையும் ஒரு ஓரமாக எழுதி வை.

கைத்தடம் பற்றி எனக்கு நீ சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன், எச்சில் எலும்புத் தட்டைப் பிடித்துக்கொண்டு. "அப்பா, நானும் வைக்கவா?" என்று கேட்டேன். "உனக்கு எதுக்கும்மா? நீ இன்னொரு வீட்டுக்குப் போறவ" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் எந்த வீட்டுக்கும் போகவில்லை, அது வேறு கதை.

உண்மையைச் சொல். நெவென்காவுக்கு நான் மாடியில் வருவது பிடிக்கவில்லை, அப்படித்தானே? உப்புப் போட்டு உலர்த்திய உங்கள் பன்றித்தொடைகள் வருடக்கணக்காக அங்கே தொங்குகின்றன. நல்ல காற்று வரும் இடம், விட மனசு வராது. அந்த வீட்டில் என்னைவிடப் பன்றிக்கு உரிமை அதிகம் என்றால் நேராகச் சொல்லிவிடு. ரசமட்டத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளாதே.

வேலை நடக்கிறது என்றால் எனக்குப் படம் வேண்டும். வார்த்தை வேண்டாம், புகைப்படம்.

டோ.


இமோட்ஸ்கி, 24 மே

அக்கா,

இந்தா, படம். ஐந்து இருக்கின்றன. ஷிமேயிடம் எடுத்த உடனே படம் துப்பும் கேமரா ஒன்று உண்டு. இரவல் வாங்கி நானே எடுத்தேன். நெவென்காவின் நீளத் துடைப்பம் தரையில் கிடப்பது அளவுக்காக, மறந்து விட்டதல்ல. ஓரத்தில் தெரியும் பூட்ஸ் என்னுடையது.

பன்றித்தொடைகள் மார்ச் மாதமே தொழுவத்துக்குப் போய்விட்டன. போன வாரம் ஒன்றை எலி தின்றது. சந்தோஷமா?

ஏப்ரல் முழுக்கப் பள்ளம் நிரப்பிக் காயவிட்டேன். மே மாதம் பாதி திராட்சைக்கு மருந்தடிப்பதில் போயிற்று, அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். இப்போது சுவரோரம் முழுக்க நுரைப்பட்டை ஒட்டியாயிற்று. சூட்டில் தரை விரியும்போது சுவரை முட்டக் கூடாது. குழாய் முந்நூறு மீட்டர், நானே குனிந்து, நானே வளைத்து, நானே பொருத்தினேன். என் முதுகின் படம் எடுக்க ஆள் கிடைக்கவில்லை.

நாளைக் காலை பூச்சு. அதற்குள் இதைத் தபாலில் சேர்க்க ஓடுகிறேன், இல்லாவிட்டால் அதற்கும் ஒரு கடிதம் எழுதுவாய்.

பூச்சு போட்டதும் இருபத்தெட்டு நாள் தொடக்கூடாது. பிறகு பாய்லரை ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஆறவிட வேண்டும். அதற்குப் பிறகு ஈரம் அளந்து பார்த்துத்தான் கல்.

வின்கோ


ஸ்டுட்கார்ட், 2 ஜூன்

இருபத்தெட்டு நாள்! அப்புறம் சூடாக்கு, அப்புறம் ஆறவிடு, அப்புறம் அள. முட்டையை அடைகாக்கும் கோழிகூட இருபத்தோரு நாளில் எழுந்து போய்விடும்.

உன் படங்களைப் பார்த்தேன். குழாய், குழாய், துடைப்பம், குழாய், உன் பூட்ஸ். முகம் காட்டவாவது ஒருவர் உண்டா? "அக்கா எப்படி இருக்கே, முழங்கால் எப்படி இருக்கு" என்று ஒரு வரி உண்டா?

இங்கே ஞாயிறு பூசையில் ஒருவனைச் சந்தித்தேன். செல்யோ என்று பெயர், ஸ்ப்ளிட் நகரில் தம்பி இருக்கிறானாம், கல் பதிப்பவன். நாலே நாளில் முடித்துத் தருவானாம். ஜூலை முதல் தேதி வருகிறான். சாவியைக் கொடு, வழியை விடு.

டோன்கா


இமோட்ஸ்கி, 4 ஜூலை

அக்கா,

உன் நாலு நாள் ஆசாமி வந்து, காபி குடித்து, திரும்பியும் போய்விட்டான். எப்படிப் போனான் என்று சொல்கிறேன், யாரோ சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்வது மேல்.

அன்று மாடித் தரை சூட்டில் இருந்தது. பாய்லர் ஓடி ஒன்பது நாள். வெளியே முப்பத்தெட்டு டிகிரி, உள்ளே நான் ஹீட்டர் போட்டுக்கொண்டிருக்கிறேன். தெருவில் போகிறவர்கள் நின்று புகைபோக்கியைப் பார்க்கிறார்கள். பாதிரியார் வந்து நெவென்காவிடம் தனியாக, "வின்கோவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பாய்லர் சமையலறைச் சுவருக்குப் பின்னால் இருப்பதால் அவள் முற்றத்தில் மல்பெரி மரத்தடியில் அடுப்பு மூட்டிச் சமைக்கிறாள். இரண்டு வாரமாக என்னோடு நல்ல வார்த்தை பேசவில்லை. உன்னைத் திட்டினாளா என்றால், இல்லை. என்னைத்தான்.

அப்போதுதான் வேனில் வந்து இறங்கினான். சூடான தரையைத் தொட்டான். "காஞ்சுதான் இருக்கு, ஒட்டிடலாம்" என்றான். மேலே காய்ந்திருக்கும், அடியில்? நீ தேர்ந்தெடுத்தது வெள்ளைக் கல். அடியில் ஈரம் இருந்தால் அது கல் வழியாகத்தான் மேலே வரும், மஞ்சள் மஞ்சளாகக் கறை விழும். பேப்பர் வைத்துத் துடைத்தாலும் போகாது, உன் சலவைக்கூடம் முழுக்க வந்தாலும் போகாது. இதை அவனிடம் சொன்னேன். "அதெல்லாம் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரியும்" என்றான்.

நான் ஒரு நாற்காலியை எடுத்து வந்து மாடிப்படியின் நடுவில் போட்டு உட்கார்ந்தேன். அவ்வளவுதான் செய்தேன். அடிக்கவில்லை, திட்டவில்லை. மத்தியானம்வரை உட்கார்ந்தேன். நெவென்கா அவனுக்குக் காபியும் ரொட்டியும் கொடுத்தாள், எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஒரு மணிக்குப் போய்விட்டான்.

முழங்கால் எப்படி இருக்கிறது?

வின்கோ


ஸ்டுட்கார்ட், 14 ஜூலை

வின்கோ,

ஆக, நான் அனுப்பிய ஆளை என் மாடிப்படியில் நாற்காலி போட்டு மறித்திருக்கிறாய். அந்த நாற்காலியோடு சேர்த்து எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது.

மார்ச்சில் சரிவு. ஏப்ரலில் பள்ளம். மே மாதம் திராட்சை. ஜூனில் காயட்டும். ஜூலையில் சூடு. ஆகஸ்டில் என்ன, வெட்டுக்கிளியா? அப்பா ஒரே வார்த்தையில் சொன்னதை நீ ஐந்து மாதமாக இழுத்துச் சொல்கிறாய். அவர் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை, அவர் என்னைக் காக்க வைக்கவில்லை.

இங்கே முதியோருக்கென்று நகராட்சி கட்டிய வீடுகள் இருக்கின்றன. ஓர் அறை, சன்னலுக்கு வெளியே டிராம். ஆகஸ்ட் இருபதுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அங்கேதான், பிறகு மாற்ற முடியாது.

ஒரே கேள்வி. நான் மாடியில் வந்து இருப்பது உனக்கு வேண்டுமா, வேண்டாமா? சென்டிமீட்டரில் பதில் எழுதாதே. டிகிரியிலும் எழுதாதே.

டோன்கா

உன் படங்களைக் கிழிக்கப் பார்த்தேன், கிழியவில்லை. கத்தரிக்கோலால் வெட்டினேன். ஐந்தையும். உனக்கே அனுப்பலாம் என்று உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.


இமோட்ஸ்கி, 25 ஜூலை

அக்கா,

கடவுளே என்று சொல்கிறேன், அந்த உறையைக் குப்பையில் போடாதே!

நடந்ததைக் கேள். ஷிமே நேற்று ஈரம் அளக்க வந்தார். பூச்சின் நடுவயிற்றிலிருந்து ஒரு கட்டியை உடைத்தெடுத்து, பொடித்து, இரும்புக் குப்பியில் போட்டு, மருந்துக் குப்பியைச் சேர்த்துக் குலுக்க வேண்டும். மூடியில் முள் ஏறும். நூற்றுக்கு இரண்டு பங்குக்குக் கீழே ஈரம் இருந்தால்தான் கல். உளியையும் சுத்தியலையும் கையில் எடுத்தார்.

"எங்க உடைக்கலாம்? குழாய் ஓடாத இடத்துக்குக் குறி வெச்சிருப்பியே, எங்க?"

குறி வைக்கவில்லை அக்கா. பூச்சு போடும் முன் நான்கு இடத்தில் குச்சி நட்டு வைத்திருக்க வேண்டும். அன்று உனக்குத் தபால் சேர்க்க ஓடிய ஓட்டத்தில் மறந்தே போனேன். இப்போது முந்நூறு மீட்டர் குழாய் எங்கே வளைகிறது, எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. தப்பான இடத்தில் உளி இறங்கினால் குழாய் பொத்துக்கொள்ளும், மொத்தத் தரையையும் பெயர்க்க வேண்டும்.

"படம் எடுத்தியே, என் கேமராலதானே எடுத்தே?"

"அக்காவுக்கு அனுப்பிட்டேன்."

"ஒண்ணுகூட வெச்சுக்கலையா?"

"அவ நம்பணும்னு எல்லாத்தையும் அனுப்பிட்டேன்."

ஷிமே உளியைத் தரையில் வைத்து, அதன் பக்கத்திலேயே தானும் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருடத் தொழிலில் இப்படி ஒரு கழுதையைப் பார்த்ததில்லையாம்.

இனி உன் கேள்விக்கு. கீழே எங்கள் சமையலறைத் தரை ஞாபகம் இருக்கிறதா? நான் போட்டது, மூன்றே நாளில், ஈரத்தோடு ஈரமாக. வாசலிலிருந்து அடுப்புவரை ஒரே விரிசல். பதினெட்டு வருடமாக நெவென்கா தினமும் அதைத் தாண்டித்தான் நடக்கிறாள், தினமும் அதற்காக என்னைப் பார்க்கிறாள். எனக்கென்று செய்தால் நான் அப்படித்தான் செய்வேன். உனக்கு அப்படிப் போடமாட்டேன். நீ நின்ற ஈரத் தரை போதும்.

வேண்டும் அக்கா. நீ வர வேண்டும். இதை எழுதுவதற்குள் பேனா மூன்று தடவை நின்றது. இரண்டு பேருக்கும் தலை நரைத்த பிறகாவது ஒரே வீட்டில் சண்டை போடலாம். நெவென்கா இதன் கீழே ஒரு வரி எழுத வேண்டும் என்கிறாள்.

அண்ணி, முதல்ல வந்து இவர உங்க பொறுப்புல எடுத்துக்குங்க, என்னால ஆகல. நெவென்கா.


ஸ்டுட்கார்ட், 3 ஆகஸ்ட்

கழுதைக்கு,

ஷிமே சொன்ன பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு மாலை சாப்பாட்டு மேசை முழுக்க உன் குழாய்கள்தான். ஐந்து படம், நாற்பத்திரண்டு துண்டு. எல்லாத் துண்டும் ஒரே மாதிரிக் குழாய்! துடைப்பம் மட்டும் இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்திருக்கும். துடைப்பத்தின் குச்சியைப் பிடித்துத்தான் ஒவ்வொன்றாகக் கோத்தேன். அதற்கு அடுத்தபடி உன் பூட்ஸ் உதவியது. ஆஸ்பத்திரியில் கட்டுக்கு ஒட்டும் பிளாஸ்திரியால் பின்பக்கம் ஒட்டி இதோடு வைத்திருக்கிறேன். ஒரே ஒரு துண்டு கிடைக்கவில்லை, சன்னலோரத்து மூலை. அங்கே கை வைக்காதே.

கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வளைவாகப் பார்த்தேன். இடைவெளி எல்லாம் ஒரே அளவு. ஒரு இடத்தில்கூடக் கோணல் இல்லை. ஜூன் மாதமே பார்த்திருக்கலாம். கோபத்தில் பூட்ஸை மட்டும்தான் பார்த்தேன்.

படித்தலைப்புக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் குழாய் இல்லாத இடம் இருக்கிறது. சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன். அங்கே உடைக்கச் சொல்.

நகராட்சி வீட்டில் கையெழுத்துப் போடவில்லை. போடவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆகஸ்ட் இருபது இன்னும் வரவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. அளந்துவிட்டு எழுது.

நெவென்காவிடம் சொல், அவளுக்கு ஒரு நல்ல துடைப்பம் வாங்கி வருகிறேன்.

டோன்கா


இமோட்ஸ்கி, 15 செப்டம்பர்

அக்கா,

நீ ஆகஸ்ட் இருபதாம் தேதி அனுப்பிய "போடவில்லை" என்ற ஒற்றைச் சொல் தந்தியைத் தபால்காரர் வாசலிலேயே சத்தமாகப் படித்துவிட்டார். என்ன போடவில்லை என்று ஊர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

உன் சிவப்பு வட்டத்தில் உடைத்தோம். குழாய் தப்பியது. அன்று முள் இரண்டே முக்காலில் நின்றது. ஷிமே கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் அவரைக் கெஞ்சினேன், ராக்கியா சாராயம் ஊற்றினேன். "உங்க வீட்டுல ஊத்திக் கெடுத்தது போதும்" என்று கிளாஸைக் கவிழ்த்து வைத்தார்.

மறுபடி ஒரு சுற்று சூடாக்கினேன். பாதிரியார் மறுபடி வந்தார். செப்டம்பர் முதல் வாரம் புரா என்ற வறண்ட மலைக்காற்று அடித்தது. எட்டுச் சன்னலையும் திறந்து வைத்தேன், ஒரு கண்ணாடி போயிற்று. போன வியாழன் மறுபடி அளந்தோம். அதே குழிக்குப் பக்கத்தில்தான், சிவப்பு வட்டத்துக்குள்ளேயே. முள் ஏறியது. ஏறியது, நின்றது. ஒன்றே முக்கால்!

ஷிமே கவிழ்த்து வைத்திருந்த கிளாஸை நிமிர்த்தினார்.

கிழக்குச் சன்னலிலிருந்து பதித்துக்கொண்டு வருகிறார். வெள்ளை ஒட்டுக்கலவை, சாம்பல் நிறம் போட்டால் உன் கல்லில் நிழல் தெரியுமாம். ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் முழுக்கப் பூசி, அமுக்கி, தட்டிப் பார்க்கிறார். அடியில் வெற்றிடம் இருந்தால் டொக்கென்று சத்தம் வரும், உடனே பெயர்த்து மறுபடி வைக்கிறார். ஒரு நாளைக்கு மூன்று சதுர மீட்டர். நான் இப்போது அவசரப்படுத்துவதில்லை.

இன்னும் பத்து நாளில் படித்தலைப்புக்கு வந்துவிடுவார். அங்கே உடைத்த குழி இருக்கிறது, ஒரு கை அகலம். நேற்று சிமெண்டுக் கலவை போட்டு அதை மூடப் போனார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன்.

நீ எழுதியிருந்தாய், நானும் சிரித்தேன் என்று. சிரித்தேன் அக்கா. இருபத்திரண்டு வயது, எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்கு வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை. என் கையும் மாத்தே கையும் அந்தக் குழிக்கு நேர் கீழே, ஆறேழு விரல் ஆழத்தில் இருக்கின்றன. குழியில் கலவை போட்டதும் நீ கை பதி.

ஷிமேக்கு இதில் சம்மதம் இல்லை. கல்லுக்கு அடியில் குழி இருந்தால் கல் உடையும் என்கிறார். கடைசியில், கைத்தடம் காய்ந்ததும் விரல் விரலாக வெள்ளைக் கலவை நிரப்பி மட்டம் பண்ணித்தான் மேலே கல் வைப்பாராம். வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் இருக்கும்.

நீ வரும்வரை அந்த ஒரு இடத்தை மட்டும் திறந்து வைத்திருக்கிறேன். பலகை போட்டு மூடியிருக்கிறது, நெவென்கா இரண்டு முறை தடுக்கிவிட்டாள்.

வின்கோ


ஸ்டுட்கார்ட், 22 செப்டம்பர்

வின்கோ,

உன் கடிதத்தைச் சலவைக்கூடத்தில் நின்றபடி படித்தேன். மெஷின் சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்கவில்லை.

இப்போது வேலைக்கு வருவோம். முதலாவது, என் கை அன்றைய கை இல்லை. சோடாவும் சுடுதண்ணீரும் முப்பத்தோரு வருடம் தின்ற கை. நடுவிரலும் மோதிரவிரலும் நேராக நீளாது, முட்டி வீங்கி இருக்கிறது. ஆகவே குழி போதுமா என்று அளந்து வை. போதாவிட்டால் அகலப்படுத்து, ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு உளியை வை.

இரண்டாவது, ரசமட்டத்தை நான் வந்து ஒருமுறை வைத்துப் பார்ப்பேன். ஆரஞ்சும் கொண்டு வருகிறேன்.

மூன்றாவது, அன்று எனக்கு யாரும் ஊற்றித் தரவில்லை. இந்த முறை நீ ஊற்றுவாய். ஷிமேக்கு வேண்டாம், வேலை முடியட்டும்.

பஸ் அக்டோபர் ஒன்று காலை ஏழு மணிக்கு இமோட்ஸ்கி வரும். இரண்டு பெட்டி, ஒரு துடைப்பம். நீயே வா, யாரையும் அனுப்பாதே.

கலவையை நான் வருவதற்கு முன் கலக்காதே. நான் வந்து, உட்கார்ந்து, நெவென்காவோடு ஒரு காபி குடித்து, கை கழுவிய பிறகுதான். இதிலாவது அவசரப்படாதே.

அக்கா